ஐந்து பேரை உட்கார வைத்து அள

அன்புள்ள தம்பி,

‘முன்னால் இரண்டு விரல் கேப், பின்னால் ஒன்றரை விரல்.’ நீ அனுப்பிய வேலைக் குறிப்பில் இந்த வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அதுவரை சந்தோஷமாகப் படித்துக்கொண்டு வந்தவன் நான். 2018 ஸ்விஃப்ட்டை நீ பிரித்த ஒழுங்கு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் டார்க் குறித்து வைத்தது, பழைய ஸ்ட்ரட் மவுண்ட்டையே திருப்பிப் பூட்டாமல் புதிதாக வாங்கியது எல்லாம் படித்து, பொள்ளாச்சியில் இப்படி ஒரு பட்டறை வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனையும் செய்துவிட்டு, கடைசியில் காரின் உயரத்தை விரலை விட்டுப் பார்த்திருக்கிறாய்.

ஸ்பிரிங்கை வெட்டக் கூடாது, தாழ்த்திய பிறகு அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை வெளியே விடக் கூடாது என்பதெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக இந்தக் கடிதம் எழுதவும் இல்லை. தாழ்த்தவே கூடாது என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. சரியான உயரத்தில் நிற்கும் கார் வளைவில் திரும்புகிற அழகைப் பார்க்க இன்றைக்கும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவேன். நீ தாழ்த்திய இந்தக் காரில் என்னை உறுத்தியவை இரண்டு சங்கதிகள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. உயரத்தை நீ வெளியே நின்று முடிவு செய்திருக்கிறாய்.

முதலில் விரலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உன் விரல் வேறு, என் விரல் வேறு என்பது இருக்கட்டும். டயருக்கு மேலே மட்கார்டு வரை உள்ள அந்த கேப்பில் டயரும் சேர்ந்துகொள்கிறது, அதுதான் கெடுதல். கம்பெனி டயர் 185/65 R15. அதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 621 மி.மீ. நீ போட்டிருப்பது 195/50 R16; விட்டம் 601. ரிம் பெரிதானதால் டயரும் பெரிதாகிவிட்டதாகக் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் விட்டத்தில் 20 மி.மீ. குறைந்திருக்கிறது. அதாவது ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்பே கார் தரையை நோக்கி 10 மி.மீ. இறங்கிவிட்டது, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி 10 மி.மீ. கூடிவிட்டது. நீ என்ன செய்தாய்? கேப் அதிகமாகத் தெரிகிறது என்று இன்னும் இறக்கினாய். டயரில் போன பத்தும் ஸ்பிரிங்கில் போன 45-உம் சேர்ந்து 55 ஆயிற்று. கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. உன் கணக்கில் மிஞ்சியது 108. உன் குறிப்பில் இந்த 108 எங்கேயும் இல்லை. இரண்டு விரல்தான் இருக்கிறது.

சக்கரத்தின் மையத்திலிருந்து, அதாவது ஹப் நடுவிலிருந்து, நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பைப் பிடி. அது ஒன்றுதான் டயர் மாறினாலும் காற்று குறைந்தாலும் மாறாத அளவு. நான்கு சக்கரத்துக்கும் எடு, மி.மீ.யில் எழுது. வேலைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. ஸ்பிரிங் புதிதாக இருந்தால் சில வாரம் ஓடி அமர்ந்த பிறகு இன்னொரு தடவை. இதோடு தரையிலிருந்து மூன்று இடம் தனியாக: பம்பரின் கீழ் நுனி, ஆயில் சேம்பர், சைலன்சர் பைப் மிகத் தாழ்ந்து தொங்கும் இடம். இந்தத் தாள் இல்லாமல் உயரத்தைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசவே முடியாது. நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று நினைத்துக்கொள்வேன்.

இனி உன்னைப் பாராட்ட வேண்டிய இடம். குறிப்பின் கடைசியில், யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்தோ என்னவோ, சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை போட்டிருக்கிறாய். முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்ட்ரட்டை மட்டும் பூட்டி, சக்கரத்தை ஜாக்கி வைத்துப் பத்துப் பத்து மி.மீ.யாக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் நூல் பிடித்து டோ, அதாவது சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது, எவ்வளவு மாறுகிறது என்று எழுதியிருக்கிறாய். தம்பி, இந்த ஒரு பக்கத்துக்காக உன்னைக் கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பெரிய பெரிய பெயர்ப்பலகை மாட்டியவர்கள் எல்லாம் இந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. அலைன்மென்ட் மெஷினில் கார் நிற்கும்போது டோ பூஜ்யம் என்று தாளில் வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். கார் நின்ற இடத்திலேயேவா ஓடப் போகிறது? குழியில் இறங்கி ஏறும்போது டை ராடும் லோயர் ஆர்மும் வேறு வேறு வட்டத்தில் போகின்றன. சக்கரம் தானாக முறுக்கிக்கொள்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவனுக்கு ரோடுதான் இழுப்பதாகத் தோன்றுகிறது. நீ அதைக் கையால் அளந்திருக்கிறாய். 45 மி.மீ. இறக்கிய இடத்திலிருந்து மேலே போகப் போக டோ-அவுட் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று உன் அட்டவணையே சொல்கிறது. இருபது, இருபத்தைந்து இறக்கிய இடத்தில் கோடு ஏறத்தாழ நேராக இருக்கிறது. விடை உன் கையிலேயே இருந்திருக்கிறது. அதை எழுதி வைத்துவிட்டு, விரலைக் கேட்டு உயரத்தை முடிவு செய்திருக்கிறாயே என்பதுதான் என் ஆதங்கம்.

இரண்டாவது சங்கதி என்னை இன்னும் அதிகமாக உறுத்தியது. குறிப்போடு நீ அனுப்பிய படத்தில் கார் காலியாக நிற்கிறது. டிக்கி காலி, ஸீட் காலி, பெட்ரோல் முள் கால் டேங்கில். அந்தக் காரின் சொந்தக்காரர் கல்யாணமானவர், இரண்டு குழந்தைகள், அம்மாவும் கூட இருக்கிறார் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். வாரக் கடைசியில் வால்பாறை போகிறவர். அப்படியானால் அந்தக் காரின் உண்மையான உயரம் என்பது ஐந்து பேரும் இரண்டு பையும் ஒரு தண்ணீர்க் கேனும் ஏறிய பிறகு அது நிற்கும் உயரம்தான். காலியாக நிற்கும் உயரம் பட்டறையில் படம் எடுக்கிறவருக்கு மட்டும் பயன்படும்.

கணக்குப் போட்டுப் பார். பின் ஸீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான் என்றால் பின் ஆக்சில்மேல் ஏறக்குறைய 200 கிலோ கூடுகிறது. ஒரு சக்கரத்துக்கு மி.மீ.க்கு இரண்டரை கிலோ என்று ஸ்பிரிங் வைத்தால் இரண்டுமாக ஐந்து கிலோ. 200-ஐ ஐந்தால் வகுத்தால் 40. ரோட்டில் ஒரு குழிகூட வராமல், நின்ற இடத்திலேயே பின்பக்கம் 40 மி.மீ. இறங்கிவிடும். ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் ஸ்டாப்பர் ரப்பரைத் தொடுவதற்கு முன்னால் உனக்கு எவ்வளவு டிராவல் மிச்சம் இருந்தது? நீ எழுதவில்லை. பக்கவாட்டில் எடுத்த படத்தில் ஷாக் தண்டு தெரிகிற அளவை வைத்துப் பார்த்தால் 30-க்கு மேல் இராது என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் அந்தக் குடும்பம் ஏறி உட்கார்ந்த உடனே கார் ரப்பர்மேல் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பின்பக்கத்தில் ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை, ரப்பர்தான் தாங்குகிறது. நேர் ரோட்டில் இடுப்பு வலிக்கும், அவ்வளவுதான். ஆழியாரிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அங்கே திரும்பும்போது பின்பக்கம் திடீரென்று கல்லாக இறுகிக்கொண்டால் வால் பிடிப்பை விட்டுவிடும். மழைக்காலத்தில் அந்த ரோட்டில் வால் விட்டுவிடுகிற காரில் குழந்தைகளை ஏற்றலாமா?

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மேஸ்திரி. கோவையில் அவர் பட்டறையில் சேர்ந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. அங்கே ஒரு ஃபியட் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் மில் முதலாளியின் தம்பியை ஏற்றிக்கொண்டு போகும். சீசன் வந்தால் சோழவரத்தில் ரேஸ் ஓடும். போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது, சென்னைக்கு வடக்கே. அங்கே போக எங்கள் ஃபியட்டுக்கு லாரி கிடையாது. ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போய், ரேஸ் ஓடி, ரோட்டிலேயே திரும்பி வரும். டூல் பெட்டி, உபரிச் சக்கரம், இரண்டு ஆள், சாப்பாட்டுக் கூடை எல்லாம் அதிலேயே. அந்தத் தம்பிக்கு வெளிநாட்டுப் பத்திரிகைப் படங்களில் பார்த்த மாதிரி கார் தரையோடு ஒட்டி நிற்க வேண்டும். வந்து வந்து கேட்பார். மேஸ்திரி மறுத்துப் பேசமாட்டார். கேட்டபடி காரைத் தாழ்த்திவிட்டு, சாக்பீஸைப் பொடியாக்கித் தண்ணீரில் குழைத்து, நான்கு ஸ்டாப்பர் ரப்பரிலும் திட்டமாகப் பூசுவார். ‘எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் பாலக்காடு வரைக்கும் போயிட்டு வாங்க’ என்பார். திரும்பி வந்ததும் என்னைப் பிட்டுக்குள் இறக்கி டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வார். ரப்பர் நுனியில் மட்டும் வெள்ளை கலைந்திருந்தால் ரோட்டில் எங்கேயோ ஒரு பெரிய குழி, பரவாயில்லை. ரப்பர் முழுக்கக் கறுப்பாகி, இரும்பின் அச்சு பதிந்திருந்தால், பேசாமல் அடியில் வைத்த கட்டையை மாற்றி மேலே ஏற்றுவார். அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டுவார். அதற்குப் பிறகு அவரும் பேசமாட்டார்.

அதே கோவையில்தான் பிற்பாடு கரிவரதன் என்பவர் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா கார்களைக் கட்டினார். எங்கள் தலைமுறைக்கு அது பெரிய ஆச்சரியம். உன் வயதுப் பையன்கள் எல்லாரும் அந்த மாதிரிக் காரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தெருக் காரைத் தாழ்த்துகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காரில் ஏறுவது ஒரே ஆள். அவர் எடையும் முன்கூட்டியே தெரியும். அது ஓடும் தளத்தில் யாரும் ராத்திரியோடு ராத்திரியாக ஸ்பீட் பிரேக்கர் போட்டுவிட்டுப் போகமாட்டார்கள். அதனால் அது அந்த உயரத்தில் நிற்கலாம்.

சாக்பீஸுக்கு இன்றைக்கு உன்னிடம் இன்னும் நல்ல சாதனம் இருக்கிறது: ஒரு ரூபாய் கேபிள் டை. டஸ்ட் கவரை மேலே தூக்கிவிட்டு, ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்காமல் மாட்டி, கீழே உடம்பு வரை தள்ளி வை. ஓடிவிட்டு வந்து பார்த்தால், தண்டு எவ்வளவு உள்ளே போயிற்றோ அந்த இடத்தில் டை நிற்கும். அதற்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே உள்ள தூரம்தான் உன்னிடம் மிச்சம் இருக்கும் காசு. தாழ்த்துவதெல்லாம் அதைச் செலவு செய்வதுதான். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் 45 செலவு செய்திருக்கிறாய்.

‘கடினமான ஸ்பிரிங் போட்டிருக்கிறேன், அடிக்காது’ என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு கடினம்? டிராவல் 60 இருந்த இடத்தில் 30 ஆகிவிட்டால், அதே குழியின் அடியை வாங்க ஸ்பிரிங் இரண்டு மடங்கு கடினமாக இருந்தால் போதும் என்று தோன்றும். போதாது. ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் சக்தி, அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால் நான்கு மடங்கு கடினம் வேண்டும். அப்படிப் போட்டால் பாடி ஆடுகிற வேகம் இரண்டு மடங்காகும். வினாடிக்கு ஒன்றேகால், ஒன்றரை தடவை ஆடிக்கொண்டிருந்த குடும்பக் கார் இரண்டரை, மூன்று தடவை ஆடும். பந்தயக்காரன் அதை ஒரு மணி நேரம் தாங்குவான். சொந்தக்காரரின் அம்மா பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் இறக்கிவிடச் சொல்வார். நீயும் நான்கு மடங்கு போடவில்லை, போடவும் மாட்டாய். நடுவில் ஏதோ ஒன்றைப் போட்டு, மீதியை ரப்பரின் தலையில் கட்டியிருக்கிறாய்.

இன்னொன்று. நீ வாங்கிய காயில்ஓவரில் உயரத்தை இரண்டு இடத்தில் மாற்றலாம்: ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை இறக்கலாம், அல்லது ஸ்ட்ரட்டின் கீழ் பிராக்கெட்டை மரை சுற்றி மேலே ஏற்றலாம். நீ வளையத்தை இறக்கியிருக்கிறாய். அப்படிச் செய்தால் ஷாக் தண்டே உள்ளே போய்விடும், டிராவல் அங்கேதான் தின்னப்படுகிறது. கீழ் பிராக்கெட்டில் மாற்றினால் தண்டின் டிராவல் அப்படியே இருக்கும், கார் மட்டும் இறங்கும். அதற்காக அதை எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம் என்று நினைத்துவிடாதே. ஷாக்கில் இடம் இருக்கும். ஆனால் சக்கரம் மேலே வந்து உள் மட்கார்டில் தேய்க்கும். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, சக்கரத்தை ஸ்டாப்பர் அமுங்கும் வரை ஏற்றிப் பார். எங்கே தட்டுகிறதோ அதற்குப் பத்து மி.மீ. முன்னால் ஸ்டாப்பர் பிடிக்க வேண்டும். டோ அளக்க இந்த வேலையில் பாதியை நீ ஏற்கெனவே செய்தாகிவிட்டது.

லோயர் ஆர்ம் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று என் வீட்டிலேயே சொல்வார்கள். இருந்தாலும் சொல்கிறேன். உன் ஐந்தாவது படத்தை எடுத்துவைத்துக்கொள். பால் ஜாயிண்ட், உள்பக்கப் புஷ்ஷைவிட உயரத்தில் இருக்கிறது. ஆர்ம் வெளிப்பக்கமாக மேல் நோக்கிச் சாய்ந்திருக்கிறது. எனக்கு இதைப் பார்த்தாலே பொறுக்காது. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள காரில், ஆர்ம் மட்டமாக நிற்கும் வரைதான் தாழ்த்துவதில் லாபம். அதைத் தாண்டிவிட்டால் என்ன நடக்கிறது தெரியுமா? காரின் கனம் மையம் கொண்டிருக்கும் இடம் நீ இறக்கிய அளவுக்கு இறங்குகிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் அதைவிட வேகமாகக் கீழே ஓடுகிறது, தரைக்கும் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நீளுகிறது. நீண்ட கைப்பிடியால் நெம்பினால் சுலபமாகச் சாயும் அல்லவா? தாழ்த்திய கார், தாழ்த்தியதாலேயே, வளைவில் அதிகம் சாயப் பார்க்கிறது. அதை மறைக்க ஸ்பிரிங்கை இன்னும் இறுக்குகிறார்கள், ஆன்ட்டி ரோல் பாரைத் தடிமனாக்குகிறார்கள். ஒரு தப்பை அடக்க இன்னொரு செலவு.

இதில் கிடைக்கிற லாபம் எவ்வளவு என்பதையும் பார். கனத்தின் மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள். 25 மி.மீ. இறக்கினால், வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பாரம் ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குறையும். இன்னும் 20 இறக்கினால் மேற்கொண்டு நாலு சதவீதம்கூட வராது. முதல் 25 ஆர்ம் மட்டமாகும் வரை போகிறது, கையில் ஸ்டீயரிங் பிடித்தால் தெரிகிற லாபம். அடுத்த இருபது அந்த லாபத்தையும் சேர்த்துக்கொண்டு போய்விடுகிறது. டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் சாய்ந்து ஓடுவது தனி.

ஸ்பீட் பிரேக்கருக்கு வருகிறேன். ‘நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர் ரொம்ப உயரம்’ என்று நீ எழுதியிருப்பது பாதிதான் சரி. இந்திய சாலை காங்கிரஸ் விதித்த அளவு என்ன தெரியுமா? 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்த மேடு. 25 கி.மீ. வேகத்தில் நிதானமாகக் கடக்கலாம். ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ் 2450 மி.மீ. இந்த மேட்டின் நடுவில் கார் நிற்கும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். அந்த வளைவில் சக்கரங்கள் தொடும் இடத்துக்கும் உச்சிக்கும் உள்ள வித்தியாசம் 44 மி.மீ.தான். அதாவது விதிப்படி போட்ட ஸ்பீட் பிரேக்கரில் உன் 108 மி.மீ. கார்கூடத் தாராளமாகப் போகும்.

ஆனால் விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்கள் சேர்ந்து போடுகிற மேடு இருக்கிறதே, அது அரை மீட்டர் அகலம்தான் இருக்கும். உயரம் 12 செ.மீ. முன் சக்கரம் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது, பின் சக்கரம் இன்னும் ஏறவில்லை. நடுவில் வயிற்றுக்குக் கீழே முழு 120 மி.மீ.யும் நிற்கிறது. உன்னிடம் இருப்பது 108, அதுவும் காலி காரில். அகலம் குறைந்த மேடுதான் காரைக் கிழிக்கிறது. உயரமான மேடு அகலமாக இருந்தால் ஒன்றும் செய்யாது. அதனால் சொந்தக்காரர் தினமும் போகிற வழியில் நீயே ஒரு தடவை போய், மிகக் குறுகலான மேடு எது என்று பார்த்து, டேப் வைத்து அளந்துவிட்டு வா. அவர் வீட்டு கேட் சரிவையும் பார். ரோட்டைப் போட்டுப் போட்டு உயர்த்திவிட்டதால், மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க எல்லாரும் வாசலை மேடாக்கிச் செங்குத்தாகச் சரிவு வைத்திருக்கிறார்கள். ஐந்தடி ஓடி ஓரடி ஏறும் சரிவு என்றால், சக்கரம் அதைத் தொடும்போது, ஆக்சிலுக்கு 80 செ.மீ. முன்னால் இருக்கும் பம்பர் நுனிக்குக் கீழே சரிவு ஏற்கெனவே 15 செ.மீ. உயர்ந்திருக்கும். தெருவிலிருந்து வேகமாக வந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே ஏறினால் மூக்கு இன்னும் குனியும். பம்பர் கீறினால் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். சேம்பர் கல்லில் பட்டு ஆயில் ஒழுகி, அது தெரியாமல் இன்ஜினை ஓட்டினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

சரி, இந்த ஸ்விஃப்ட்டை என்ன செய்யலாம்? டயரை 195/55 R16 ஆக்கு. விட்டம் கம்பெனி டயருக்குச் சமமாகிவிடும், பத்து மி.மீ. திரும்பி வரும். முன்னால் மொத்தம் 25 மட்டும் இறக்கு. பாதிக்கு மேல் கீழ் பிராக்கெட்டில் செய். பின்னால் 15 போதும். காலியாக நிற்கும்போது வால் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். தெரியட்டும். குடும்பம் ஏறினால் மட்டமாகிவிடும். அப்போது ஹெட்லைட்டும் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காது. கிரவுண்ட் கிளியரன்ஸ் 138-க்குப் பக்கத்தில் நிற்கும். ஐந்து பேர் ஏறிய பிறகு, ஸ்டாப்பர் தொடுவதற்கு முன் முன்னால் 40-உம் பின்னால் 30-உம் குறையாமல் மிச்சம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதற்குக் குறைந்தால் இன்னும் ஏற்று. சொந்தக்காரர் படத்தைக் காட்டி ‘இந்த மாதிரி வேண்டும்’ என்று நின்றால், அவரையும் குடும்பத்தையும் காரில் ஏற்றி, பக்கத்தில் நீ குந்தி உட்கார்ந்து டேப்பைப் பிடித்துக் காட்டு. கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். உன் மாதிரி டோ அட்டவணை போடுகிறவனுக்கு வேலை வராமல் போகாது.

வேலையைத் தொடுவதற்கு முன் இன்னொன்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள கம்பெனி விவரங்களோடு முரண்படும் மாற்றங்களை அனுமதிப்பதில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. கழற்றிய கம்பெனி ஸ்பிரிங், ஷாக் எல்லாவற்றையும் பெயர் எழுதிக் கட்டி அவரிடமே கொடு. காரை எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும்.

உயரத்தை மாற்றி, அலைன்மென்ட் பார்த்து முடித்ததும், நான்கு ஷாக்கிலும் கேபிள் டை மாட்டி, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஆழியாரிலிருந்து மேலே போய்த் திரும்பு. இறங்கும்போது வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கிற இடத்தில்தான் முன் ஷாக் அதிகம் போகும். அதனால் மேலே ஒரு தடவை நிறுத்தி டையைப் பார்த்து எழுதிக்கொண்டு, மறுபடி கீழே தள்ளி வைத்துவிட்டு இறங்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்த எட்டு அளவும், ஹப்பிலிருந்து மட்கார்டு வரை காலியாகவும் பாரத்தோடும் எடுத்த எட்டு அளவும் எனக்கு வேண்டும். உன் டோ அட்டவணையின் நல்ல பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்பு. என்னிடம் வேலை கற்றவர்கள் இரண்டு பேருக்குக் காட்ட வேண்டும். ஷாக் வால்வை எவ்வளவு இறுக்குவது என்று நீ கேட்டிருந்தாய். இந்த அளவுகள் வந்த பிறகு அதை எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்
கோயம்புத்தூர்